48 மணி நேர ஷிஃப்ட்டும் 4 மணி நேர ரிட்ராக்டரும்

கேள்வி இது: “கிரேஸ் அனாடமி மாதிரியான டிவி தொடர்களில் பயிற்சி சர்ஜன்களின் வாழ்க்கையைக் காட்டுகிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? நிஜத்திலும் அப்படித்தானா?”

நானும் அந்தப் பயிற்சியில் வருஷக்கணக்கில் உழன்று வெளியே வந்தவன்தான். என்னோடு உட்கார்ந்து இந்தத் தொடர்களைப் பார்ப்பவர்கள் பாவம், எபிசோடு முழுக்க ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டே இருப்பேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: நோய்கள் பெரும்பாலும் சரி. மனிதர்கள் ஓரளவு சரி. நேரம்தான் சுத்தப் பொய். ஒரு ஷிஃப்ட் எவ்வளவு நீளம், ஓர் ஆபரேஷன் கைக்குப் பழக எத்தனை வருஷம், அடிபட்டவர் எழுந்து நடக்க எத்தனை வாரம், ஒரு நாளில் நோயாளியின் பக்கத்தில் நிற்பது எத்தனை நிமிஷம் என்று நேரம் சம்பந்தப்பட்ட எதையும் இந்தத் தொடர்களை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது. இனி நீளமான பதில்.

கிரேஸ் அனாடமி 2005 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கியது. முதல் எபிசோடில், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இன்டர்ன்களிடம், அதாவது முதலாண்டு பயிற்சி டாக்டர்களிடம், அவர்களுடைய சீனியர் சொல்வார்: முதல் ஷிஃப்ட் இப்போதே ஆரம்பிக்கிறது, 48 மணி நேரம் போகும். கேட்கக் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒளிபரப்பான நாளிலேயே அந்த நாட்டில் அப்படி ஒரு ஷிஃப்ட் விதிமீறல். மருத்துவப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏசிஜிஎம்இ என்ற அமைப்பு 2003 ஜூலையிலேயே உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டது: நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம், நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் வகுப்புக்கும் அதற்குமேல் 6 மணி நேரம், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. ஆக, அந்த இன்டர்ன்களை 30 மணி நேரத்தில் வீட்டுக்குத் துரத்தியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டப்படி பயிற்சி டாக்டர்களுக்கு 2009-லிருந்து வாரத்துக்கே சராசரியாக 48 மணி நேரம்தான். அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி ஏதோ சிறைச்சாலைப் படம் மாதிரித் தெரியும்.

இந்த வரம்புகள் சும்மா வந்துவிடவில்லை. 1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி டாக்டர்கள். நீண்ட டியூட்டியில் இருந்தவர்கள், ஏகப்பட்ட நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்தவர்கள். பத்திரிகையாளரான அவளுடைய அப்பா விடாமல் போராடியதன் பலனாக 1989-ல் நியூயார்க் மாநிலம் 80 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் வர இன்னும் 14 வருஷம் ஆனது. அதற்கப்புறமும் இழுபறி ஓயவில்லை. 2011-ல் முதலாண்டு டாக்டர்கள் தொடர்ச்சியாக 16 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். 2017-ல் மறுபடியும் 24 மணி நேரம், ஒப்படைக்க 4 மணி நேரம் என்று திருப்பிவிட்டார்கள்.

ஏன் திருப்பினார்கள் என்பதில்தான் எங்கள் தொழிலின் சிக்கல் இருக்கிறது. தூங்காத டாக்டர் தப்பு செய்வார், சரி. ஆனால் டாக்டர் மாற மாற, ஒருவர் சொல்ல மறந்ததை அடுத்தவர் பார்க்காமல் விடுகிற ஆபத்தும் கூடுகிறது. நள்ளிரவில் நீங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது எவ்வளவு விறைப்பாக இருந்தது என்பதை எந்தக் குறிப்பிலும் முழுசாக எழுதிவிட முடியாது. காலையில் அதே கை தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். அமெரிக்காவில் 117 பொது அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஷிஃப்ட் நீளத்தைத் தளர்த்திப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது: நோயாளிகளுக்கு நேர்ந்த சாவிலும் பெரிய சிக்கல்களிலும் இரு பக்கமும் வித்தியாசமில்லை. எந்தக் கட்சிக்காரரும் தன் வாதத்துக்கு இதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தும்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேலை செய்த மணி நேரத்தைப் பயிற்சியில் இருப்பவரே பதிவு செய்ய வேண்டும். 80-ஐத் தாண்டியதாக நேர்மையாக எழுதினால் விசாரணை வரும், பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரத்துக்கே சிக்கல் வரலாம், அப்புறம் தன் படிப்பே கேள்விக்குறியாகும். அதனால் எழுதுவது ஒன்று, இருப்பது ஒன்று என்பது ஊரறிந்த ரகசியம். ஆக 48 மணி நேர ஷிஃப்ட் பொய். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பழைய சர்ஜன்கள் சிரிக்காமல் பெருமூச்சு விடுவதும் நிஜம். இந்தப் பயிற்சி முறையை 1889 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாக்கிய வில்லியம் ஹால்ஸ்டெட், பயிற்சியாளர்கள் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றார். பயிற்சி டாக்டர்களை அங்கே அழைக்கும் ‘ரெசிடென்ட்’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். கோகைனை மரத்துப்போகும் மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தன் மேலேயே சோதித்துப் பார்த்து, அதற்கு அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கும் அடிமையான மனிதர் அவர். தூக்கம் பற்றி அவரிடம் யோசனை கேட்டிருக்க வேண்டாம்.

சரி, அவ்வளவு நேரம் அங்கே என்னதான் செய்கிறோம்? இதைத்தான் டிவி அறவே காட்டுவதில்லை.

என் முதல் வருஷத்தில் விடிகாலை நாலரைக்கு வார்டுக்குப் போய்விடுவேன். கையில் மடித்த ஒரு தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு வரி: பெயர், படுக்கை எண், என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள். அதற்குப் பக்கத்தில் நான் நிரப்ப வேண்டிய எண்கள். ராத்திரி காய்ச்சல் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போனது, ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து குழாய் வழியாக நீர் வடியும் டிரெயின் பையில் எவ்வளவு இறங்கியது, அது என்ன நிறம். நிறம் ரொம்ப முக்கியம். வெளிர் மஞ்சள் என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் நின்று பார்க்க வேண்டும். பச்சை கலந்த பழுப்பு என்றால் குடலில் போட்ட தையல் எங்கேயோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். இருட்டு வார்டில் செல்போன் டார்ச்சை அடித்து, தூங்குகிறவரை எழுப்பாமல் பையைத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொள்வேன். அப்புறம் எப்படியும் எழுப்பி, “காற்று பிரிந்ததா?” என்று கேட்க வேண்டும். வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. என் முதல் வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எந்தக் கதாநாயகன் வாயிலிருந்தும் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆறு மணிக்கு சீனியர்களோடு ரவுண்ட்ஸ். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிஷம். நான் எண்களை ஒப்பிப்பேன், ஓர் எண் தெரியாவிட்டாலும் மொத்தக் குழுவும் என்னைத் திரும்பிப் பார்க்கும். ஏழரைக்கு மேல் ஆபரேஷன் தியேட்டர். பகல் முழுக்க அங்கேயும் வார்டுக்குமாக ஓட்டம். கட்டு மாற்றுவது, ரத்தப் பரிசோதனை முடிவைத் துரத்துவது, ஸ்கேனுக்குக் கெஞ்சுவது, இன்னொரு துறை டாக்டரைப் போனில் பிடிப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. எல்லாவற்றுக்கும் மேலே கம்ப்யூட்டர். பொது மருத்துவத்தில் முதலாண்டு பயிற்சி டாக்டர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2019-ல் வந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 3 மணி நேரம்தான் அவர்கள் நோயாளியோடு நேரில் இருந்தார்கள், 13 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கம்ப்யூட்டர் முன்னால். சர்ஜரியில் தியேட்டர் நேரம் இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வார்டில் நிற்கிற ஜூனியரின் நாள் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. டிவியில் யாரும் எதையும் டைப் அடிப்பதே இல்லை. அடித்தால் யார் பார்ப்பார்கள், அதுவும் வாஸ்தவம்தான்.

தியேட்டருக்குள் போனால் உடனே கத்தி கையில் வந்துவிடுமா? வராது. வருவது ரிட்ராக்டர். வயிற்றைத் திறந்த பிறகு கல்லீரலையோ வயிற்றுச் சுவரையோ இழுத்துப் பிடித்து, ஆபரேஷன் செய்கிறவருக்கு இடம் விட்டுக்கொடுக்கும் வளைந்த உலோகப் பட்டை. அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நான் முதன்முதலாக உள்ளே நின்ற பெரிய கணைய ஆபரேஷனில் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடித்தேன். நின்ற கோணத்திலிருந்து எனக்குத் தெரிந்தது சீனியரின் தோள்பட்டையும் பச்சைத் துணியும்தான். கணையத்தை நான் பார்க்கவே இல்லை. மூக்கின் நுனியில் அரிப்பு. சொறிய முடியாது, கிருமி நீக்கிய கையுறை. முதல் மணி நேரத்தில் விரல் வலிக்கும், இரண்டாவதில் முன்கை, அப்புறம் வலி நின்று மரத்துவிடும். அதுதான் ஆபத்து. மரத்த கை தானாகத் தளரும், கல்லீரல் ஓர் அங்குலம் கீழே இறங்கும், உடனே எதிரிலிருந்து குரல் வரும்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே கேமராவை விட்டுத் திரையைப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில் இதே வேலை கேமராவாக மாறியிருக்கிறது. ஜூனியர்தான் கேமராவைப் பிடிக்க வேண்டும். படம் சாயக் கூடாது, நடுங்கக் கூடாது, கருவி எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும், சொல்வதற்கு முன்பே போக வேண்டும். லென்ஸில் ஆவி படிந்தால் வெளியே எடுத்து வெந்நீரில் முக்கித் துடைத்து மறுபடி உள்ளே விட வேண்டும். ‘கேமரா’ என்ற ஒற்றைச் சொல்லை எத்தனை விதமான எரிச்சலோடு சொல்லலாம் என்பதற்கு என் சீனியர் ஒருவர் தனி அகராதியே வைத்திருந்தார். ஆனால் ஆபரேஷன் கண்ணில் பதிவது இப்படித்தான். நூறு பித்தப்பைகளைக் கேமரா வழியாகப் பார்த்தவனுக்கு, நூற்றியோராவதில் ஏதோ ஒன்று வழக்கமான இடத்தில் இல்லை என்பது உறைக்கும். எதனால் என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறைக்கும்.

இந்த இடத்தில் கிரேஸ் அனாடமியின் முதல் எபிசோடுக்குத் திரும்பலாம். ஜார்ஜ் என்ற இன்டர்னுக்கு வேலைக்கு வந்ததுமே அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் கிடைக்கிறது. மேலே கண்ணாடி மாடத்தில் மற்ற இன்டர்ன்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பாதியில் பையன் உறைந்துபோய் நிற்கிறான். நல்ல காட்சி, எனக்குப் பிடிக்கும். ஆனால் நிஜத்தில் ஓர் ஆபரேஷன் யாருக்கும் முழுசாகக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முதலில் தோலைத் தைக்க விடுவார்கள். அது நன்றாக வந்தால் அடுத்த மாதம் தோலுக்குக் கீழே உள்ள சவ்வு. அப்புறம் வயிற்றைத் திறப்பது. அப்புறம் ஒரு ரத்தக்குழாயைக் கட்டுவது, அதுவும் சிறியது. எதிரில் நிற்கிற சீனியரின் கை எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள்தான் செய்வதாக நினைத்துக்கொள்வீர்கள். திசுவை அவர் இழுத்துப் பிடித்திருக்கும் விதத்தால் உங்கள் கத்திரிக்கோல் போக ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருக்கும் என்பது சில வருஷம் கழித்து, நீங்களே இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுக்கும்போதுதான் புரியும்.

அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி 5 வருஷம். அதை முடிக்கக் குறைந்தது 850 பெரிய ஆபரேஷன்கள் கணக்கில் இருக்க வேண்டும், அதில் 200 கடைசி வருஷத்தில். வாரக் கணக்கில் போட்டால் மூன்று சொச்சம். அதுவும் ஒரே மாதிரியானவை: குடலிறக்கம், பித்தப்பை, அப்பெண்டிக்ஸ், மறுபடி குடலிறக்கம். இதற்கு வெளியே கைப்பழக்கம் தனி. முடிச்சுப் போடக் கற்ற காலத்தில் கட்டில் கால், மேசை இழுப்பறைக் கைப்பிடி, சட்டைப் பொத்தான் துளை என்று நூல் கட்டாத இடம் என் அறையில் இருக்கவில்லை. ஒற்றைக் கையால் வேகமாகப் போடுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்பது வர வருஷமாகும். தோலை இறுக்குகிற அதே வலுவோடு கணையத்தில் இறுக்கினால் நூல் வெண்ணெயை அறுக்கிற மாதிரி அறுத்துக்கொண்டு வந்துவிடும். லேப்ராஸ்கோபிக்கு இப்போது ஒரு பெட்டிப் பயிற்சித் தேர்வே இருக்கிறது. பெட்டிக்குள் சின்ன ரப்பர் வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு, திரையைப் பார்த்தபடி, கடிகாரம் ஓட ஓட மாற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சலிப்பான விளையாட்டு இல்லை. செய்கிறவருக்கு வியர்த்துக் கொட்டும்.

டிவி இன்டர்ன் காலையில் மூளை, மதியம் இதயம், சாயங்காலம் பிரசவம் என்று சுற்றி வருவார். நிஜத்தில் இவை வேறு வேறு படிப்புகள். அமெரிக்காவில் நியூரோசர்ஜரி தொடக்கத்திலிருந்தே தனியான 7 வருஷப் பயிற்சி. எலும்பு 5 வருஷம். மகப்பேறு 4 வருஷம், அது சர்ஜரியோடு சேர்ந்ததே இல்லை. குழந்தைகளுக்கான சர்ஜரி வேண்டுமென்றால் 5 வருஷம் முடித்து மேலும் 2 வருஷம், அந்த இடம் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. ரொட்டேஷனில் ஒரு மாதம் அந்தப் பக்கம் அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஒரே குழுவே எல்லா உறுப்பையும் தொட்டால்தான் நடிகர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க முடியும். கதை எழுதுகிறவர்களின் கஷ்டம் புரிகிறது.

இதே சிக்கனம்தான் மற்றவர்களைத் திரையிலிருந்து துரத்திவிடுகிறது. எம்ஆர்ஐ அறையில் டாக்டர்களே மெஷினை ஓட்டிக்கொண்டு சொந்தக் கதை பேசுவார்கள். நிஜத்தில் அது டெக்னீஷியனின் வேலை, எனக்கு அந்த மெஷினை ஆன் செய்யக்கூடத் தெரியாது. மயக்க மருந்து நிபுணர் திரைக்குப் பின்னால் ஒரு தொப்பியாக மட்டும் தெரிவார். ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியை உயிரோடு வைத்திருப்பது அவர்தான். நர்ஸ்களுக்குச் செய்திருப்பது அதைவிட அநியாயம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்து, “டாக்டர், எண்களெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அவர் முகம் பிடிக்கல, ஒரு தடவ வந்து பாருங்க” என்று சொல்லும் அனுபவமுள்ள நர்ஸ்தான் ஜூனியர் டாக்டரின் பாதிப் படிப்பு. அப்படி ஒரு போனை நான் ஒரு தடவை அலட்சியம் செய்தேன். அரை மணி நேரம் கழித்துப் போனபோது அந்த நோயாளியின் ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் செருப்பைத் தேடாமல் ஓடியிருக்கிறேன்.

முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தியேட்டரில் வசனம் பேசுவது, நேர்கோடாகிப்போன இதயத்துக்கு ஷாக் கொடுப்பது இதெல்லாம் எல்லோரும் சொல்லும் குறைகள்தான். கோடு நேராகிவிட்டால் ஷாக் பயன்படாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் அது. ‘ஸ்க்ரப்ஸ்’ தொடரின் டைட்டிலில் மாட்டும் மார்பு எக்ஸ்ரே இடவலம் மாறி இருக்கும், இதயம் தப்பான பக்கம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிறுக்குத்தனமான காமெடித் தொடரைத்தான் நிறைய டாக்டர்கள் தங்கள் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். அதில் யாரும் பெரிய சாகசம் செய்வதில்லை. பயந்துகொண்டே வேலை பார்க்கிறார்கள், அசட்டு ஜோக் அடிக்கிறார்கள், செத்துப்போனவரின் அறையை விட்டு வந்து அடுத்த அறைக்குள் போகிறார்கள்.

நேரம் பற்றிய பொய் நோயாளிகளின் விஷயத்தில் வெறும் ரசனைக் குறைவாக நிற்பதில்லை, எங்கள் தலையில் வந்து விடிகிறது. 2018-ல் சில சர்ஜன்கள் கிரேஸ் அனாடமியின் 269 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து, அதில் வந்த 290 விபத்து நோயாளிகளை 4,812 நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். டிவியில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், நிஜத்தில் 7. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராகத் தியேட்டருக்குப் போனவர்கள் டிவியில் 71 சதவீதம், நிஜத்தில் 25. இதுவரை பரவாயில்லை. பிழைத்தவர்களைப் பாருங்கள். பலத்த அடிபட்டுப் பிழைத்தவர்களில் பாதிப்பேர் டிவியில் ஒரு வாரத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். நிஜத்தில் ஐந்தில் ஒருவர்தான். நீண்டகாலப் பராமரிப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் டிவியில் 6 சதவீதம், நிஜத்தில் 22. அதாவது டிவியில் ஒன்று செத்துவிடுவீர்கள், இல்லை கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். நடுவிலே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டு, இரண்டு மாதம் கழித்து முதன்முறையாக நாற்காலியில் உட்காரவைக்கிற அந்த நீண்ட காலம் அங்கே கிடையாது.

நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் கதையும் இதுதான். 1996-லேயே ‘ஈஆர்’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்கியூ 911’ என்ற மூன்று தொடர்களில் வந்த 60 சிபிஆர் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் நலமாக வீடு திரும்பியதாகக் காட்டியிருந்தார்கள். நிஜத்தில் மருத்துவமனைக்குள் இதயம் நின்று சிபிஆர் செய்யப்பட்டவர்களில் வீடு திரும்புகிறவர்கள் ஐந்தில் ஒருவர், மிஞ்சினால் நாலில் ஒருவர். டிவியில் இல்லாத ஒரு சத்தம் அதில் இருக்கிறது. வயதானவரின் நெஞ்சை முறையாக அழுத்தும்போது விலா எலும்பு உடைவது கைக்குக் கீழே தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு, 90 வயது அம்மாவுக்கு அதைச் செய்ய வேண்டுமா என்று பிள்ளைகளிடம் பேசும் வேலை பெரும்பாலும் பயிற்சி டாக்டருக்குத்தான் வரும். “எல்லாம் செஞ்சு பாருங்க டாக்டர்” என்பார்கள். அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் மனதில் ஓடும் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதோடு வாதாட இருபது நிமிஷம் போதாது.

காதல், ராத்திரி டியூட்டி டாக்டர்கள் ஓய்வெடுக்கும் ஆன்-கால் அறை பற்றியும் கேட்பீர்கள். டாக்டர்கள் காதலிப்பதுண்டு, வேறு யாரை அவர்கள் சந்திக்கிறார்கள்? ஆனால் அந்த அறையில் கட்டில் கிடைத்தால் மனிதன் முதலில் செய்வது தூங்குவது, அதுவும் ஷூவைக் கழற்றாமல். அப்புறம் நோயாளியைக் காதலித்து, மாற்று இதயம் சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்று அவருடைய இதயத்துக்கு உதவும் பம்ப்பின் வயரையே வெட்டிய இஸ்ஸி கதாபாத்திரம். அவர் திரும்ப வேலைக்கு வருவார். நிஜத்தில் அவர் திரும்ப வருவது நீதிமன்றத்துக்கு.

உண்மையாகக் காட்டியது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. கேஸுக்கான பசி அப்பட்டமான நிஜம். நல்ல ஆபரேஷன் ஒன்று பட்டியலில் வந்தால் அதற்காக நண்பனிடம் பேரம் பேசியிருக்கிறேன், டியூட்டி மாற்றியிருக்கிறேன், அவன் காய்ச்சலில் விழுந்தபோது உள்ளூர ஒரு கணம் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். படிநிலை நிஜம். எல்லோர் முன்னாலும் வாங்கும் திட்டு நிஜம். இறந்துபோனவர்கள், சிக்கலானவர்கள் எல்லோரைப் பற்றியும் துறை முழுக்க உட்கார்ந்து அலசும் கூட்டம் நிஜம். அங்கே எழுந்து நின்று “இந்த முடிவை நான்தான் எடுத்தேன்” என்று சொல்லும்போது முழங்கால் ஆடுவது எந்த நடிகர் காட்டியதையும்விட நிஜம்.

இருட்டுப் பக்கத்தைத் தொடர்கள் தொடுகின்றன, ஆனால் தப்பான கோணத்தில். 2019-ல் அமெரிக்காவின் 262 பொது அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களிலும் சேர்த்து 7,409 பயிற்சியாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. 38.5 சதவீதம் பேருக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது ‘பர்ன்அவுட்’ எனும் பணிச்சோர்வின் அறிகுறிகள். 30 சதவீதம் பேர் வசை அல்லது உடல்ரீதியான துன்புறுத்தலைச் சந்தித்திருந்தார்கள். பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பெண் என்பதற்காகவே பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னார்கள். டிவியில் இந்தப் பயிற்சியிலிருந்து ஆட்கள் போவது துப்பாக்கிச் சூட்டிலும் விமான விபத்திலும். நிஜத்தில் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பாதியில் விடுகிறார்கள், எந்தச் சத்தமும் இல்லாமல். என்னோடு சேர்ந்தவர்களில் கை நயம் மிகுந்தவன் இரண்டாம் வருஷ முடிவில் மயக்க மருந்துத் துறைக்கு மாறிப்போனான். சண்டை கிடையாது, வசனம் கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலைப் பட்டியல் தாளில் அவன் பெயர் இல்லை. அவன் பங்கு நோயாளிகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறான்.

கடைசியாக, டிவியில் பின்னணி இசையோடு வரும் ‘முதல் ஆபரேஷன்’ தருணம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம், நள்ளிரவு தாண்டி வந்த ஓர் அப்பெண்டிக்ஸ். சீனியர் எதிரில் நின்றார், வழக்கம்போல. பாதியில் அவர் கை என் பக்கம் வருவது நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடியைக் கட்டி, வெட்டி எடுத்து, ரத்தம் கசிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “மூடிடு” என்றார். கொட்டாவி விட்டபடி கதவைக் கையால் தொடாமல் முதுகால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஆறு வினாடி இருக்கும். நர்ஸ் பஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மயக்க மருந்து நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசித் தையல் போட்டு நிமிரும்போது சுவரிலிருந்த போன் அடித்தது. நர்ஸ் எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரை என் காதில் வைத்துப் பிடித்தார். வார்டிலிருந்து: “டாக்டர், ஏழாம் படுக்கைக்குத் தூக்கம் வரலையாம். மாத்திரை ஒண்ணு எழுதித் தர முடியுமா?”